பின்னால் வருகிறவன்

"திரும்பிப் பாக்காதய்யா. இன்னிக்கும் வர்றான்."

லா பே உதட்டை அசைக்காமல் இதைச் சொன்னபோது, ரங்கூனின் அந்தப் பேட்டையில் மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று இப்போதே சத்தியம் செய்துவிடுவது நல்லது. மூன்று கிழவர்கள் சாயங்காலம் காலாற உலாவப் போனார்கள் என்றாலே அந்த வருஷம் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பட்டாளம் ஆட்சியைப் பிடித்துக்கொண்ட வருஷம் அது. பட்டாளத்துக்கு வேலை செய்த பேட்டை ஆபீசுக்கு யாரோ ஆள் காட்டிக்கொண்டிருந்தார்கள். யார் என்று தெரியாததால் எல்லோரும் எல்லோரையும் பார்த்துப் பயந்தார்கள். தன் நிழல் தன்னை முந்தினால் நின்று வழிவிட்டவர்களும் உண்டு.

தௌங் ஹானுக்குப் பயம் பரணில் இருந்தது. அவருடைய மகள் நீலார் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். துப்பாக்கிக்காரர்களுக்குக் கீழே ஊசி போட மாட்டேன் என்று வெளியே வந்துவிட்டாள். அவளைத் தேடுகிறார்கள். மழை பிடித்த நாளிலிருந்து அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கிறாள். தன்னோடு ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்ற லா பேயிடமும் சோ ஞுண்டிடமும்கூட அவர் இதை மூச்சு விடவில்லை. ஆனாலும் அவர்களோடு ஒரு சுற்று நடந்து, டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்த கதைகளைப் பேசி, வாய்விட்டுச் சிரித்துவிட்டு வந்தால்தான் அவருக்கு ராத்திரிச் சோறு இறங்கியது.

அந்த ஒரு சுற்றுக்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. கட்டம் போட்ட லுங்கி, கறுப்புக் குடை. நின்றால் நிற்கிறான். நடந்தால் நடக்கிறான்.

"ஆபீஸ் ஆள்தான். அவன் முழியைப் பாரு, டிக்கெட் இல்லாத பய முழி" என்றார் சோ ஞுண்ட்.

"திரும்பிப் பாக்காதன்னா, முழி வரைக்கும் பாத்துட்டு வர்றான் இவன்" என்றார் லா பே.

தௌங் ஹானுக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் அவர்கள் நுழைந்ததும் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை ஒருத்தி இடுப்பில் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"பாவம், அவனைக் கண்டுதான் நடுங்குதுங்க" என்றார் லா பே.

டீக்கடையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. கடைக்காரர் கேட்காமலே மூன்று டீயும் ஒரு தட்டுப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். சோ ஞுண்ட் பையில் கைவிட்டதும் இரண்டு கையாலும் தடுத்தார்.

"வேண்டாம் பெரியவங்களே. உங்ககிட்டப் போய் வாங்குவேனா?"

"எவ்வளவு மரியாதை பாத்தியா?" என்று உருகினார் சோ ஞுண்ட். "இந்தக் கெட்ட காலத்துலயும் நம்ம சனங்க மாறலைய்யா."

தௌங் ஹான் டீயைத் தொடவில்லை. எதிர்ச் சாரியில் குடை நின்றுகொண்டிருந்தது. இப்படியே வீட்டுக்குப் போனால் வீடு தெரிந்துவிடும். வீடு தெரிந்தால் பரண் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"இன்னொரு சுத்துப் போவோம்" என்றார்.

"மூட்டு கழண்டுடும்யா" என்றார் லா பே. ஆனாலும் எழுந்தார்.

இன்னொரு சுற்று சுற்றினார்கள். குடையும் சுற்றியது. அதற்கு மேலும் ஒன்று சுற்றினார்கள். இருட்டத் தொடங்கியது. ஊரடங்குக்கு முன் வீட்டுக்குள் போயாக வேண்டும். வேங்கை மரத்தடி வந்ததும் தௌங் ஹானின் கால்கள் நின்றுவிட்டன. அவர் திரும்பினார்.

"யாரப்பா நீ? எங்களை என்ன செய்யணும் உனக்கு?" அதட்டலாகத்தான் தொடங்கினார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. கை வெடவெடவென்று ஆடியதை அவன் பார்த்துவிட்டான்.

அவன் குடையை இறக்கினான். முப்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம்.

"மாமா, என்னைப் பாத்தா நீங்க பயப்படுறீங்க?"

"பின்னே? நீ ஆபீஸ் ஆள்தானே?"

"நானா? நான் பள்ளிக்கூட வாத்தியார் மாமா. வேலைக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டு அக்கா வீட்டுல ஒளிஞ்சு கிடக்கேன். நாலு சுவத்துக்குள்ள பைத்தியம் பிடிச்சிடும்போல இருந்தது. அக்காதான் சொன்னா, வெளியே போறதுன்னா அந்த மூணு பேருக்குப் பின்னாடியே போ, எவனும் உன்னை ஏன்னு கேக்க மாட்டான்னு."

"எங்க பின்னாடியா? ஏன்?"

அவன் தயங்கினான். "உங்க கை நடுங்குறதைப் பாத்த பிறகுதான் மாமா சொல்லத் துணிச்சல் வருது. இந்தக் காலத்துல தெருவுல இவ்வளவு சத்தமா சிரிக்கிறவங்க யாரா இருக்க முடியும்? ஆள் காட்டுறது நீங்க மூணு பேரும்தான்னு பேட்டையே சொல்லுது."

சோ ஞுண்டுக்கு விக்கல் எடுத்தது. லா பே மரத்தைப் பிடித்துக்கொண்டார். தௌங் ஹான் மட்டும் வந்த தெருவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, நாளைக்கு அதே நேரத்துக்கு வந்துவிடும்படி வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். பரணில் ஏணியைச் சாத்தினார்.

மறுநாள் சாயங்காலம் அந்தத் தெருவில் ஐந்து பேர் சத்தமாகச் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். சாத்திய ஜன்னல்களுக்குப் பின்னால் பேட்டை கிசுகிசுத்தது:

"ஆபீசுல புதுசா ஒரு பொண்ணையும் சேத்திருக்காங்க."