கண்ணாடிக்கடைக்காரரின் வெள்ளை விளக்கு

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார்தான். போன மழைக்காலத்தில் ஒருநாள், கூட்டுப் பிரார்த்தனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். "அண்ணி, சிரிக்காம கேட்டா ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.

அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவில் பாதிப் பேர் மூக்கில் அவர் கொடுத்த கண்ணாடிதான் உட்கார்ந்திருக்கிறது.

ஒரே மகள். ஒருநாள் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது எதிரே ஒரு கார். கண்ணைக் குத்துகிற வெள்ளை வெளிச்சம். சாலை எங்கே, ஓரம் எங்கே என்று தெரியாமல் வண்டியோடு பள்ளத்தில் விழுந்தாள். கார் நிற்காமல் போய்விட்டது. இவளுக்குக் கையில் மாவுக்கட்டு.

அன்றைக்கு அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம்.

"அவனெல்லாம் மனுஷனா? சரி, அவனுக்குத்தான் அறிவில்லை. பக்கத்துல பொண்டாட்டின்னு ஒருத்தி உக்காந்திருந்திருப்பா இல்ல? அவளாவது ஏதாவது பண்ணியிருக்கக் கூடாதா?"

நாத்தனார் மகளுக்குத் தலைவாரி விட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் மனிதர் நேராக மெக்கானிக்கிடம் போனார்.

"என் கார் லைட்டு மஞ்சக்காமாலை வந்த மாதிரி எரியுதுய்யா. ஊரே வெள்ளை லைட்டுக்கு மாறிடுச்சு. எனக்கும் அதைப் போட்டுவிடு."

"ஹெச்.ஐ.டி. பல்பா? போடலாம் சார், பட்டப்பகல் மாதிரி அடிக்கும். ஆனா உள்ள வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற கிண்ணம் பழைய ஹாலஜன் பல்புக்குச் செஞ்சது. டிம் பண்ணாலும் வெளிச்சம் சிதறும். எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசும்."

"எங்களுக்குக் கூசினப்ப எவன் கவலைப்பட்டான்? நீ போடு."

வீட்டு வாசலில் விளக்கைப் போட்டுக் காட்டினார். எதிர்வீட்டுச் சுவரே வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது.

மகள் கட்டுப்போட்ட கையோடு வந்து பார்த்தாள். "அப்பா, என்னை விழ வெச்சவன்கிட்ட இருந்ததும் இதே லைட்டுதான்."

"அவன் திமிர் பிடிச்சவன்மா. அப்பா பாத்து ஓட்டுவேன்."

அன்று சாயங்காலம் இருட்டியதும் நாத்தனாரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று கிளம்பினார். எதிரே வந்த கார்க்காரர் தன் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்.

"பாத்தியா? பொறாமை. அவன் வண்டியில இது இல்லை."

அடுத்து பைக்கில் வந்தவர் ஓரமாக ஒதுங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, பாவங்க. பழைய பல்பையே போட்டுடலாங்க."

"வண்டி ஓட்டத் தெரியாதவனெல்லாம் எதுக்கு ரோட்டுக்கு வர்றான்? நீ சும்மா வா."

சும்மாதான் வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு எதிரே ஒரு வண்டி தெரிந்தால் போதும், இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். வண்டி கடந்து போனதும் கை மடிக்கு இறங்கும். அடுத்த வண்டி வந்தால் மறுபடி மேலே ஏறும்.

அவருக்கு அது ஒரே வேடிக்கை.

"என் சம்சாரம் காரையே கோயிலாக்கிட்டா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டே, "எதிர் வண்டி வெளிச்சம் கூசுதுங்க" என்று வருகிறவர்களுக்குக் கூச்சம் தடுக்கிற கண்ணாடியும் விற்றார்.

கடைசியில் ஒருநாள் போகிற வழியில் கேட்டே விட்டார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா என் பக்கத்துலதானே உக்காந்து வர்றே? இப்ப மட்டும் என்ன பயம்? நான் ஓட்டினா கடவுளே வந்து காப்பாத்தணுமா?"

"நான் கடவுளைக் கும்பிடலைங்க."

"பின்னே?"

"எதிர்ல வர்றவங்களைத்தான். மன்னிச்சுக்கோங்கன்னு."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானே அன்னைக்குக் கேட்டீங்க, பக்கத்துல உக்காந்திருந்தவளாவது ஏதாவது பண்ணியிருக்கக் கூடாதான்னு. உங்ககிட்ட சொல்லிப் பாத்தேன், நீங்க கேக்கலை. அதான் அவங்ககிட்ட கேட்டுக்கிறேன்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அடி பைத்தியமே! நம்ம லைட்டு அடிக்கிற அடியில அவனுக்கு ரோடே தெரியாது. உன் கும்பிடா தெரியப்போவுது?"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்ததாம்.

சிரிப்பு பாதியில் நின்றது. வண்டியை ஓரங்கட்டினார். விளக்கை அணைத்தார்.

மறுநாளே பழைய மஞ்சள் பல்பு திரும்பி வந்துவிட்டது. கடையில் யாராவது விசாரித்தால், "மழைக்கு மஞ்சள் வெளிச்சம்தான் சார் சரிப்படும்" என்று விளக்கம் சொல்கிறாராம்.

மகள் கட்டைப் பிரித்துவிட்டு மறுபடியும் ஸ்கூட்டரில் போக ஆரம்பித்துவிட்டாள். இருட்டுகிற நேரத்தில் நீங்கள் கார் ஓட்டிப் போகும்போது, எதிரே ஒற்றை விளக்கு வந்தால், உங்கள் வெளிச்சத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள்.