ஒருத்தனும் சாகாத படம்

டிவியில் துப்பாக்கிகள் படபடவென்று வெடித்தன. யூஜின் கட்டிலில் சாய்ந்தபடி, எலும்பு துருத்திய தோள்கள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சவுண்ட கொஞ்சம் குறைங்களேன்! சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது" என்றாள் அவர் மனைவி குளோரியா.

"என்னா? காதுல விழல" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது ஒரு பழைய கௌபாய் காமெடி. பயந்தாங்கொள்ளி பார்பர் ஒருவனை ஆள் தெரியாமல் ஊருக்கு ஷெரிஃப் ஆக்கிவிடுவார்கள். அவன் எங்கேயோ குறி வைத்துச் சுட, ஹோட்டல் போர்டு அறுந்து வில்லன் தலையில் விழும். கல்யாணத்துக்கு முன்னால் யூஜின் அவளை முதன்முதலாகக் கூட்டிப்போன படம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதிலிருந்து தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று டாக்டர் குளோரியாவை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கணவரிடம் வந்தாள்.

"வெறும் மஞ்சக்காமாலைதானாம். பத்தியமா இருந்தா சரியாயிடுமாம்."

"அப்பாடா" என்றார் யூஜின். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது ராகிக் கஞ்சியோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், அவராகவே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். கஞ்சி இரண்டு ஸ்பூனுக்கு மேல் உள்ளே போகவில்லை.

"அப்படி என்னதான் இருக்கு இந்தப் படத்துல?"

"படம் பூரா சுட்டுத் தள்ளுறானுங்க, ஒருத்தனாவது செத்தானா சொல்லு! தொப்பில ஓட்ட விழும், தண்ணித் தொட்டில ஓட்ட விழும். ஆளு மட்டும் எந்திரிச்சு, பேன்ட்டத் தட்டிட்டு போயிட்டே இருப்பான்."

"நீங்களும் எந்திரிச்சிடுவீங்க. கிறிஸ்மஸ் முடிஞ்சதும் வேளாங்கண்ணி போறோம்."

"போலாமே. ஜன்னல் சீட்டா பாத்து ரிசர்வ் பண்ணிடு."

குளோரியா ஸ்பூனைக் கிண்ணத்திலேயே போட்டாள். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் கதவைச் சாத்துவதற்குள் துப்பாக்கிச் சத்தம் மறுபடி வீட்டை அதிரவைத்தது. வர வர இந்த மனுஷனுக்குப் பிடிவாதம் ஜாஸ்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுப்பில் பால் எதுவும் இல்லை. சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

யாரோ சமையலறை ஜன்னலைத் தட்டினார்கள். அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். பக்கத்து வீட்டு ஃபாத்திமா நின்றிருந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஆண்ட்டி. அங்கிளை ஸ்வல்ப சவுண்டு கம்மி பண்ணச் சொல்லுங்க. பொண்ணுக்கு நாளைக்கு எக்ஸாம். செவுரே அதிருது."

"மன்னிச்சுக்கம்மா, இதோ சொல்றேன்" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

சமையலறைக் கதவைத் திறந்தபோது யூஜின் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று டிவி பக்கம் திரும்பி உரக்கச் சிரித்தார். திரையில் சிரிக்க ஒன்றுமில்லை. குதிரை ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, பாவம் அந்தப் பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது. உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது? எதுக்கு இவ்ளோ சத்தம்? இனிமே குறைச்சுதான் வெக்கணும், சொல்லிட்டேன்."

ரிமோட்டை எடுக்கக் கை நீட்டினாள். யூஜின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் படர்ந்த கண்களால் அவளை நேராகப் பார்த்தார்.

"சவுண்ட குறைச்சிட்டா, நீ எங்க போயி அழுவே குளோரியா?"