ராஜாவின் வசனம்

"நான் பேசுறப்ப கமலநாதன் உதட்டக் கவனிங்க டீச்சர். என் வசனத்த மனப்பாடம் பண்றான்," என்றார் வேலாயுதம்.

சந்திரகலா கவனித்தார். அசையத்தான் செய்தது.

"தளபதி வேஷம் போடுறவனுக்கு ராஜா வசனம் எதுக்கு? நீங்களே சொல்லுங்க."

மலேசியாவில், கிள்ளான் நகரில் ஒரு மளிகைக்கடை மாடியில் ஒத்திகை. நடத்துபவர் சந்திரகலா, தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் அவர் குழு போடும் பழைய அரச நாடகத்தில் எப்போதும் வேலாயுதம்தான் ராஜா. எப்போதும் அந்த வேஷத்தைக் கேட்டுக் கிடைக்காமல் போகிறவர் கமலநாதன். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

டீச்சரின் குழுவில் ஒரு சட்டம் உண்டு. ஓரமாக நின்று வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. மேடையில் மறந்தவருக்கு அடுத்த வருஷம் மேடை கிடையாது. யாராக இருந்தாலும் சரி. இதில் அவருக்குப் பெருமை வேறு.

அடுத்த ஒத்திகையில் கமலநாதன் மெதுவாக வந்தார்.

"டீச்சர், விசாரணை சீன்ல நான் தூரமா நிக்காம, சிம்மாசனத்துக்குக் கிட்டவே மண்டி போடட்டா?"

"ஏன்?"

"பார்க்க நல்லா இருக்கும் லா."

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் சரி என்றார்.

"கிட்ட வந்துட்டான் பாத்தீங்களா? அடுத்து மடியில வந்து உக்காருவான்," என்று வேலாயுதம் முணுமுணுத்தார்.

ராஜாவின் அங்கிக்குச் சரிகை தைத்துக்கொண்டிருந்த வேலாயுதத்தின் மனைவி உஷாராணி தலை நிமிரவில்லை. "அவரு நல்லவருங்க," என்றார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

நாடகத்தன்று பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் நிரம்பி வழிந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சின்ன வயதிலிருந்தே ராஜாவோடு போட்டி போட்ட தளபதி, எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான். தலையை எடுக்கச் சொல்கிறது சபை. ராஜா எழுந்து நின்று, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, பிறகு மன்னிக்கிறார்.

அந்தக் கொஞ்ச நேரத்து மௌனத்தில் வேலாயுதம் மன்னன்தான். அதைப் பார்க்கவே ஷா ஆலம் ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவதாக அவரே சொல்லிக்கொள்வார்.

அன்றும் எழுந்தார். மௌனமானார். மண்டபம் மூச்சு விடவில்லை. மௌனம் நீண்டது. இன்னும் நீண்டது.

'இன்னைக்கு என்னமா நடிக்கிறார்!' என்று திரை ஓரத்தில் சந்திரகலா கண் கலங்கினார்.

அப்போது, காலடியில் மண்டியிட்டிருந்த கமலநாதன் தலையைத் தூக்கினார்.

"மன்னா, தங்கள் மனம் எனக்குத் தெரிகிறது. தண்டிக்க அரசனால் முடியும், மன்னிக்க மனிதனால்தான் முடியும். அதனால்தானே கிரீடத்தைக் கழற்றப் போகிறீர்கள்?"

அது ராஜாவின் வசனம். நாடகத்துக்கே உயிரான வசனம்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வேலாயுதம் திடுக்கிட்டவர் போல் கிரீடத்தைக் கழற்றினார். "ஆம். உன்னை மன்னித்தேன். போ," என்றார். திரை விழுந்தது.

சந்திரகலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் உதட்டை அசைத்தது இதற்குத்தானா?

ஒப்பனை அறையில் வேலாயுதம் கிரீடத்தை மேசைமேல் போட்டார்.

"நான் மூச்சு எடுக்குறதுக்குள்ள என் வசனத்தப் புடுங்கிட்டான் டீச்சர். நான் சொல்லல? அன்னைக்கே சொன்னேனா இல்லியா?"

"கமலநாதன், இது என்ன வேல?" என்றார் டீச்சர்.

கமலநாதன் துண்டால் முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேக்குறேன்ல?"

"ஆசதான் டீச்சர். ரொம்ப நாள் ஆச. ஒரு தடவ அந்த வசனத்தப் பேசிப் பாக்கணும்னு."

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான். மன்னிப்பு கேட்டாலும் விடாதீங்க," என்றார் வேலாயுதம். சற்று முன்தான் சபை நடுவில் மன்னித்தவர்.

கமலநாதன் மன்னிப்பும் கேட்கவில்லை.

"இனிமே நீங்க நம்ம குழுவுல இல்ல," என்றார் சந்திரகலா. "எந்த வேஷமும் கிடையாது. போகலாம்."

கமலநாதன் தலையசைத்தார். போய்விட்டார்.

சரியான தீர்ப்புதான் என்ற திருப்தியோடு, துணிமணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்திரகலா கார் பார்க்குக்கு நடந்தார். வேனுக்கு அந்தப் பக்கம் யாரோ அழும் சத்தம். உஷாராணியின் குரல்.

"அவரு நடிக்கல அண்ணே. எல்லாமே மறந்துபோயி நின்னாரு. மறந்ததுகூட இப்ப அவருக்குத் தெரியல."

"எனக்குத் தெரியும் தங்கச்சி. அவர் கண்ணப் பாத்தேன்."

"டாக்டர் சொன்னத அவருகிட்டயே நான் இன்னும் சொல்லல. இந்த ஒரு தடவ மட்டும் பக்கத்துல இருந்து காப்பாத்துங்கன்னு உங்ககிட்ட வந்து அழுததே நான்தான். டீச்சர்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே? ஏன் பழிய ஏத்துக்கிட்டீங்க?"

சந்திரகலா பெட்டியோடு அப்படியே நின்றார்.

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கமலநாதனின் குரல்.

"மேடைய விட்டு ராஜாவா இறங்கியிருக்காரு, தங்கச்சி. அவர நோயாளியா வீட்டுக்கு அனுப்பச் சொல்றியா?"