தெறித்த கல்

"மெழுகால தொட்டு வைச்ச கல்லு முதலாளி. உளி வழுக்கித் தெறிச்சிட்டுது" என்றார் பொற்கொல்லர் கனகசூரியம் பத்தர்.

மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகு வந்துவிட்டதா என்று ஜன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஸெய்னுதீன் முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார். மகளின் கலியாண மோதிரத்தில் பதிக்க மிச்சமிருந்தது அந்த ஒரு பொடி வைரம்தான்.

பட்டறைக் கதவைச் சாத்தினார். "கல்லு கிடைக்காம ஒருத்தரும் வெளிய போக ஏலாது. இல்லாட்டி பொலிசுக்குத்தான் போவன்."

பத்தர் சாரத்தை உதறினார். பாயைத் தட்டினார்.

சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த பத்தரின் மனைவி பூரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பொறுங்கோ, தும்புத்தடி எடுத்துக்கொண்டு வாறன்" என்று குசினிக்குள் போனாள். திரும்பி வரச் சற்று நேரமாயிற்று.

முகம் தெரியாமல் குனிந்து மூலையைக் கூட்டியவள், "இஞ்ச கிடக்குது!" என்றாள்.

முதலாளி கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்! குறை நினைக்காதீங்க பத்தர். கெதியாப் பதிச்சுத் தாங்க."

பத்தர் திகைத்துப்போனார். ஆனாலும் உளியால் பொன்னைக் கிளப்பிக் கல்லின் விளிம்பில் மடித்துக் கொடுத்தார்.

முதலாளி போனதும், "அந்தக் கல்லு எங்கால?" என்று மனைவியிடம் கேட்டார்.

பூரணி நிமிர்ந்தாள். மூக்குத்தியில் வைரக்கல் இருந்த இடம் வெறும் குழியாக இருந்தது.

"உங்களைப்போய்க் கள்ளன் எண்டு நினைக்கிறாரே. எனக்குப் பொறுக்க ஏலாமப் போச்சு" என்றாள்.

பத்தரின் நகத்துக்கடியில், மெழுகில் ஒட்டி மறைத்திருந்த முதலாளியின் வைரம் உறுத்தியது.