பக்கக் காற்று

பைலட்டை நாலு வார்த்தை கேட்காமல் விமானத்தை விட்டு இறங்குவதில்லை என்று முத்துக்கருப்பன் முடிவு கட்டிவிட்டார்.

கேட்காமல் எப்படி? சின்னமனூரில் தங்கை முனீஸ்வரியின் பிள்ளைக்கு இன்று காதுகுத்து. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். உச்சிப் பொழுதுக்குள் முகூர்த்தம்.

மதுரையில் ஆனிக் காற்று பக்கவாட்டில் அடித்தது. எதிரே இருக்க வேண்டிய ஓடுபாதை ஜன்னலில் தெரிந்தது. மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து, அவ்வளவு பெரிய விமானம் ஒருக்களித்தபடியே இறங்கியது. சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் ஒரு உலுக்கல். இரைச்சலோடு மறுபடி மேலே ஏறிவிட்டது.

இரண்டாம் தடவையும் அதே கதை. கடைசியில் திருச்சிக்குத் திருப்புவதாக கேப்டன் சசிதரன் மைக்கில் சொன்னார். முடிவு தன்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றார்.

இத்தனைக்கும் கேப்டனுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தது முத்துக்கருப்பனின் மகள் யுவராணி. துணை பைலட். மகள் ஓட்டும் விமானம் என்றுதான் சென்னையில் ஆசையாக ஏறினார்.

திருச்சியில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் நகரவில்லை. கேப்டன் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"காத்துக்குப் பயந்தவுக இந்த வேலைக்கு வரலாமாய்யா? எம்மக கையில குடுத்திருந்தா மொதத் தடவையே இறக்கியிருப்பா."

காதுகுத்து விஷயம் யுவராணி சொல்லி கேப்டனுக்குத் தெரிந்திருந்தது. தாய்மாமனுக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்று கும்பிட்டார்.

பின்னாலேயே யுவராணி வந்தாள்.

"அவரத் திட்டாதீகப்பா. ரெண்டு தடவையும் அவரு இறக்கத்தான் பாத்தாரு. வேணாம், மேல ஏத்துங்கன்னு சொன்னது நான்."

இருவரில் யார் வேண்டாம் என்றாலும் மற்றவர் மறுபேச்சில்லாமல் மேலே ஏற்றிவிட வேண்டும், அதுதான் முறை என்றாள்.

"இன்னைக்குக் காதுகுத்துன்னு தெரியுமில்ல ஒனக்கு?"

"தெரியும்ப்பா. பின்னாடி நீங்க உக்காந்திருந்ததும் தெரியும். நாளைக்கு இப்படி அடிச்சா நாளைக்கும் சொல்லுவேன்."

முத்துக்கருப்பன் வாயைத் திறக்குமுன் போன் அடித்தது. முனீஸ்வரி. நேரம் போகிறது, பெரியப்பா மகன் வீரணன் மடியில் உட்கார வைக்கச் சொல்கிறார்கள் என்று அழுதாள். வீரணனோடு முத்துக்கருப்பனுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

"எந்தப் பயந்தாங்கொள்ளிண்ணே வண்டியத் திருப்புனது?"

அவர் கேப்டனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"வீரணன் மடியிலயே வையி ஆத்தா. வண்டி ஓட்டுனவுகள ஒண்ணும் சொல்லாத. பயமா இருக்கு, திருப்புங்கன்னு கத்துனது நான்தான்."