தலைமாறிய கம்பிகள்

உறையின் ஜிப்பைப் பாதி இழுத்ததுமே தெரிந்துவிட்டது.

நான்கு கம்பியும் தலைமாறிக் கிடந்தன.

தடித்தது இருக்கவேண்டிய இடத்தில் மெல்லியது. மெல்லியது இருக்கவேண்டிய இடத்தில் தடித்தது.

அவள் பேஸ் கிதாரை வெளியே எடுத்துப் பள்ளிக்கூட பெஞ்சில் கிடத்தினாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த மெல்லிசைக் குழுவுக்கு ஊர்க்காரர்கள் ஒதுக்கியிருந்தது நாலாம் வகுப்பு அறை. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதி அழிந்திருந்தது. மணி நாலு. ஆறரைக்கு மேடை ஏற வேண்டும்.

அவளுக்கு இடது கைப் பழக்கம். அந்தக் கையால்தான் மீட்டுவாள். அதற்காகவே கம்பிகளை மாற்றிப் பூட்டி, கழுத்தின் உச்சியில் அவை உட்காரும் பள்ளங்களை அரம் வைத்து ராவி, ஒன்பது வருடமாக இந்தக் குழுவில் வாசிக்கிறாள்.

இப்போது அகலமான பள்ளத்தில் மெல்லிய கம்பி ஆடாமல் இருக்க, யாரோ ஒரு துண்டு அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள்.

சிகரெட் அட்டை.

அவளுடைய கிதாரில்.

போன வாரம் ஸ்பீக்கர்களோடு குழுவின் வேனிலேயே இருக்கட்டும் என்று விட்டுப் போனது. நம்பித்தான் விட்டுப் போனாள்.

குழுத்தலைவர் ஆவுடையப்பன் உள்ளே வந்தார். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். பின்னாலேயே ரூபன். குழுவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தாடியைத் தடவிக்கொண்டு வாய்ப்பாட்டைப் படிப்பவன்போல் நின்றான்.

அண்ணாச்சி முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு மேடையின் அகலம் காணாது என்றார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். போன வருடத்து வீடியோவைக் கொடைக் கமிட்டிக்காரர்கள் பார்த்துவிட்டார்களாம். இன்றைக்கு ஒரு நாள் இந்தக் கிதாரிலேயே ரூபன் பேஸ் வாசிக்கட்டும், அவள் கோரஸில் நிற்கட்டும் என்றார். இதில் முகத்தைத் தூக்க ஒன்றுமில்லை என்றும் அவரே சொன்னார்.

“சாமி முன்னால சோத்தாங்கைதான் வேணுங்காவ. நான் என்னட்டி செய்ய?”

மற்றக் கைக்கு ஊரில் இருக்கும் பெயரை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதுதான் இன்னும் எரிந்தது.

ஒன்பது வருடம். அவர் மகள் கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம் வாசித்தது இந்தக் கை. ரூபன் மட்டும் என்ன, ஒற்றைக் கையால் வாசிக்கப் போகிறானா? அவனுடைய இடது கை அதுவரைக்கும் சட்டைப்பையிலா இருக்கும்?

“நான் என்ன அண்ணாச்சி, சாமிக்குச் சோறா ஊட்டப்போறேன்?”

ரூபன் சிரித்துவிட்டான். அண்ணாச்சி திரும்பியதும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

அவள் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள்.

பழைய கம்பிகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றாக நடுவில் வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அண்ணாச்சியின் கண் மூடித் திறந்தது.

சிகரெட் அட்டையை நகத்தால் நெம்பி எடுத்து ரூபனின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

இந்தக் கொடைக்கென்றே வரவழைத்த புதுக் கம்பிகள் பையில் இருந்தன. உறையைப் பல்லால் கிழித்தாள்.

தடித்தது முதலில். அவள் பூட்டும் முறையில் அது, கம்பியை முறுக்கும் ஆணிகளில் உச்சியிலிருக்கும் கடைசி ஆணி வரைக்கும் போகும். அடுத்தது. அதற்கடுத்தது.

மெல்லிய கம்பி முதல் ஆணியிலேயே நின்றுவிடும். ஒரு சாணுக்கு மேல் மிஞ்சும். வழக்கமாக அதை வெட்ட மனம் வராது. ஆணியிலேயே சுற்றிச் சுற்றித் தீர்த்துவிடுவாள்.

இன்றைக்கு ஆணிக்கு அப்பால் நான்கு விரல் அளந்து மடக்கினாள். மடக்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேல்சுற்று பிரிந்து நாதம் செத்துப் போகும்.

நன்றாக மடக்கினாள்.

வெட்டினாள்.

துண்டு தரையில் விழுந்து சுருண்டது.

ரூபனுக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் வலது கையால் வாசிக்க வேண்டுமென்றால் அதே கம்பி கடைசி ஆணிக்குப் போக வேண்டும். இனி அது எட்டாது. அவன் அதை அண்ணாச்சியின் காதில் சொன்னான்.

இந்த ஊரில் வேறு கம்பி கிடைக்குமா என்று அண்ணாச்சி கேட்டார். ஆர்டர் போட்டால் நாலு நாளில் வரும் என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

அண்ணாச்சி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். கமிட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று அவளைக் கேட்டார். ரூபனைக் கேட்டார்.

அவள் தடித்த கம்பியைச் சுருதிக்கு இழுத்தாள். இழுத்து, விட்டு, மறுபடியும் இழுத்தாள்.

இடது கட்டைவிரலால் ஓங்கி ஒரு தட்டு.

ஆம்ப்ளிஃபயரில் மாட்டவில்லை. சத்தம் அறையைத் தாண்டியிருக்காது. பெஞ்சுப் பலகை மட்டும் அதிர்ந்தது, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும்.

அண்ணாச்சி எழுந்தார்.

கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பந்தல் வாசல் வழியே தெரிந்தது. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

நாலு எட்டு வைத்திருப்பார். நின்றார்.

என்ன நினைத்தாரோ, வேட்டியைத் திரும்பவும் மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.