இருநூறு கிராம்

"இருநூறு கிராம் குறைஞ்சிருக்குடா," என்றார் அப்பா.

பூனையை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார். பார்சல் அலுவலகத்தில் முப்பது வருடம் எடை போட்டவர். இரண்டு வருடமாகப் பார்வை இல்லை. கைகள் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "நல்லாத்தானேப்பா சாப்பிடுது?"

"சாப்பிடுறார். ஆனா தண்ணிக் கிண்ணம் மத்தியானமே காலி. அவர் ஒண்ணுக்குப் போற மண் தட்டு கட்டி கட்டியா நனைஞ்சிருக்குன்னு மருமக சொல்றா. நேத்து ஜன்னல் மேல தாவப் பார்த்து, வேணாம்னு திரும்பிட்டார் மேனேஜர்."

நாள் முழுக்கத் தூங்குவதால் பூனைக்கு அப்பா வைத்த பெயர், மேனேஜர்.

மகன் பையைக் கீழே வைத்தான்.

ஒன்பது மாதம் முன்பும் அப்பா இதையேதான் சொன்னார். "வயசாச்சுல்லப்பா, வெயில் வேற" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். மூன்று வாரம் கழித்து, அப்பா நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, மேனேஜர் செத்துப்போனது. சிறுநீரகம். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்," என்றார் கால்நடை டாக்டரம்மா.

அப்பாவுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அவன் மூன்று விலங்குக் காப்பகங்கள் ஏறி இறங்கினான். அதே கறுப்பு, அதே நான்கு வெள்ளைப் பாதங்கள், அதே வயது. வீடு திரும்பிய அப்பாவின் மடியில் வைத்தான். அவர் வெகுநேரம் அதைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"மேனேஜரை நல்லாப் பாத்துக்கிட்டியா?"

"ம்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போகணும்," என்றார் இப்போது. "நானும் வர்றேன்."

"நீங்க எதுக்குப்பா? அங்க படி இருக்கு."

"ஏறிக்கிறேன். மேனேஜரோட அந்தப் பழைய ஃபைலையும் எடுத்துக்கோ."

ஃபைலின் கடைசிப் பக்கத்தில் மேனேஜர் செத்த தேதி இருந்தது.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மாவை அழைத்தான். "அப்பாவுக்குத் தெரியாது டாக்டர். தெரிஞ்சா தாங்கமாட்டார்."

"நானாச் சொல்லமாட்டேன். அவர் கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன்."

கிளினிக்கில் மேசையின் தகரம் சில்லென்றிருந்தது. பூனை உடம்பைக் குறுக்கிக்கொண்டது. அப்பா அதன் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. டாக்டரம்மா பிடரித் தோலை இழுத்து விட்டுப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். வயிற்றை இருபக்கமும் அழுத்தினார்.

"ரத்தம் எடுத்துப் பார்க்கணும். ஆரம்பம்தான்னு நினைக்கிறேன். நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க."

"பொழைச்சுக்குமா?" என்றார் அப்பா.

"சாப்பாட்டை மாத்தி, மருந்தும் குடுத்தா சில வருஷம் ஓட்டலாம். முன்னாடி எடை எவ்வளவு இருந்துச்சு?"

பழக்கத்தில் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் மகனைப் பார்த்தார்.

மகன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். அப்பாவின் சட்டைப் பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

"அது... ஃபைல்ல இருக்கும் டாக்டர்."

"அதுல எப்படிடா இருக்கும்?" என்றார் அப்பா. "போன வாரம் வரைக்கும் நாலு கிலோ நூறு டாக்டர். என் மடியில வெச்ச அன்னைக்கும் அதேதான். செத்துப்போனவர் மூணு எண்ணூறைத் தாண்டினதே இல்லை."

பூனை மேசையிலிருந்து இறங்கப் பார்த்தது. அப்பா அதை அணைத்துக்கொண்டார்.

"அந்த ஃபைல்ல கடைசித் தேதி என்னன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க டாக்டர். எட்டு மாசமா இவன்கிட்ட கேக்கலை. கேட்டா தாங்கமாட்டான்."